கையால் கழல்வன

புது வீட்டில் முதலில் நிலைகொள்ள வேண்டியது அடுப்பு என்பார் சிலர். கட்டில் என்பார் சிலர். அன்று அந்த மருமகளுக்கு இரண்டும் பொருட்டாகத் தோன்றவில்லை. மூன்றாம் மாடியின் கூடத்தில் மலைபோல் குவிந்திருந்த அட்டைப்பெட்டிகளின் நடுவே ஒருவர் நடக்கும் அளவுக்கு வழி பிளந்துகொண்டு, மேசையைச் சன்னலோரம் இழுத்தாள். திரையை நிறுத்தினாள். கணினியின் கரிய பெட்டியை மேசைக்குக் கீழே இருத்தினாள். வடங்களை ஒவ்வொன்றாகச் செருகி, நெஞ்சுக்குள் ஒரு சொல்லை முணுமுணுத்துப் பொத்தானை அழுத்தினாள்.

பெட்டி வாய் திறக்கவில்லை.

அந்தப் பெட்டிக்குள் ஒரு நகரமே இருந்தது. நகரப் பேருந்துகள் ஓடும் தடங்கள் யாவற்றையும் ஒரே தாளில் வண்ணக் கோடுகளாய் இழைத்து அவள் வரைந்த வரைபடம் அது. நெடுங்காலம் ஒரு நிறுவனத்தில் அமர்ந்து அவள் வரைந்த படங்கள் எல்லாம் அந்த நிறுவனத்தின் முத்திரையோடு வெளிவந்தன. வரைந்த கை எதுவென்று எவரும் அறியார். வேலையை விட்டுத் தனியே நின்று அவள் போட்டியிட்டு வென்ற முதற்பணி இதுதான். எல்லா நிறுத்தங்களிலும் ஒட்டப்படவிருக்கும் அப்படத்தின் கீழ்மூலையில் அவள் பெயர் அச்சாகும். ஆனால் இன்று பொழுது சாய்வதற்குள் கோப்பு அச்சகம் சேர வேண்டும். தவறினால் நாளை முதல் இயந்திரம் வேறொருவர் வேலைக்குப் போய்விடும். பழைய படத்தையே இன்னோராண்டு ஒட்டிக்கொள்வதாகப் போக்குவரத்து அலுவலகம் முன்னரே எச்சரித்திருந்தது. கோப்பின் நகலொன்று கணவனின் பையில் இருந்தது உண்மைதான். ஆனால் அது திருத்தங்களுக்கு முற்பட்டது. அதில், இடித்துத் தள்ளிய பாலத்தின் மேல் பேருந்துகள் இன்னும் அஞ்சாமல் ஓடிக்கொண்டிருந்தன.

"என்ன அண்ணி, உங்க பெட்டி மௌன விரதமா?" என்று பெட்டிக் குவியலுக்கு அப்பாலிருந்து ஒரு குரல் வந்தது. அது கணவனின் தங்கை. வீட்டார் அவளை 'ரேடியோ' என்றே அழைப்பர். வானொலிக்கு அணைக்கும் பொத்தான் உண்டு, அவளுக்கு இல்லை என்பதொன்றே வேற்றுமை.

"கிண்டல் பண்ணாத. அந்த டேபிள் லாம்ப்பைக் கொண்டா. பிளக்குல கரண்ட் வருதான்னு பாக்கணும்."

விளக்கைச் செருகினர், எரிந்தது. சுவரில் குறையில்லை. மருமகள் குனிந்து பெட்டியின் முதுகைத் தடவினாள். மின்வடம் நுழையும் இடத்தருகே உள்ள சிறு விசை அணைந்த நிலையில் இருந்தது. பழைய வீட்டில் அதை அணைத்தவள் அவளே.

"நான்தான். நானே அணைச்சுட்டு நானே தேடுறேன்" என்று நெற்றியில் தட்டிக்கொண்டாள்.

"வெண்ணெயைக் கையில வச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்ச கதையா?" என்றாள் ரேடியோ.

விசையைப் போட்டு மீண்டும் பொத்தானை அழுத்தியதும் உள்ளே விசிறிகள் சுழன்றன. நெற்றிப்பொட்டுப்போல் ஒரு நீல ஒளி மலர்ந்தது. இருவரும் திரையை நோக்கினர், வானம் பார்த்த பூமி முகில் நோக்குவதுபோல. திரை கறுத்தே கிடந்தது. பிறகு பெட்டிக்குள்ளிருந்து ஓர் ஒலி எழுந்தது. நீண்ட கூவல், சற்றே அமைதி, மறுபடியும் நீண்ட கூவல். துணையைப் பிரிந்த அன்றில் பனைமடலில் இருந்து இரவெல்லாம் அகவும் என்பார்களே, அந்த ஒலி இப்படித்தான் இருந்திருக்கும்.

"ஐயோ, அழுவுது அண்ணி!"

"அழுதா உயிர் இருக்குன்னு அர்த்தம். பேசாம இரு."

திரையின் வடத்தைப் பிடுங்கிச் செருகினாள். பெட்டியின் முதுகில் அதற்கொத்த துளைகள் இரண்டு இருந்தன. ஒன்றிலிருந்து எடுத்து மற்றொன்றில் மாட்டினாள். கூவல் நிற்கவில்லை, திரை வெளுக்கவில்லை. விசைப்பலகையைக் கழற்றினாள், சுட்டியைக் கழற்றினாள், வெறும் பெட்டியும் திரையுமாய் விட்டுப் பார்த்தாள். அன்றில் அகவிக்கொண்டே இருந்தது.

"அண்ணனை எழுப்பட்டுமா?"

கணவன் நீச்சல் பயிற்றுநன். பீரோவைத் தன் தோளிலேயே மூன்று மாடி ஏற்றிவிட்டு, உள்ளறையில் பாய்கூட விரிக்காமல் தரையில் விழுந்து, கைக்கெட்டிய ஒரு தலையணையில் தலை சாய்த்துக் குறட்டையில் நீந்திக்கொண்டிருந்தான்.

"எழுப்பினா என்ன சொல்வாரு? 'ஆஃப் பண்ணி ஆன் பண்ணு'ன்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுப்பாரு. விடு, தூங்கட்டும். கடைக்காரருக்குப் போன் போடு."

கணினிக் கடைக்காரர் எதையோ மென்றுகொண்டே பேசினார். அவருடைய பொறுமை அவருடைய வயிற்றைப் போலவே பெரியது என்பது ரேடியோவின் கணிப்பு.

"எங்கயாவது தூக்கிட்டுப் போனீங்களா?"

"வீடு மாறினோம்ணே."

"அப்ப உள்ள ஆடியிருக்கும். கத்துதா?"

"கத்துது."

"துண்டு துண்டாவா, நீட்டியா?"

மருமகள் கைப்பேசியைப் பெட்டியின் அருகே காட்டினாள். கடைக்காரர் மெல்லுவதை நிறுத்திக் கேட்டார். "ரேம்தான். லூசாயிருக்கும். மூடியைத் திறந்து, ரேமைக் கழட்டி, ஒரு துணியால துடைச்சு, அழுத்தி மாட்டுங்க. டக்குன்னு சத்தம் வரணும்."

"வரலைன்னா?"

"கொண்டாந்து குடுத்துட்டுப் போங்க. ரெண்டு மூணு நாள் ஆகும். இங்க ஏற்கெனவே வரிசை நிக்குது."

ரேம் இன்னதென்று மருமகள் அறிவாள். ஒரு வேலையைச் செய்யும்போது அதற்கு வேண்டியதையெல்லாம் கணினி கையில் ஏந்தி நிற்கும் சிறு தகடு அது. அது இல்லையேல் கணினி தான் யாரென்பதே அறியாமல் விழித்த இடத்திலேயே திகைத்து நிற்கும். இந்த நகரத்தைச் சுமப்பதற்காகவே சென்ற ஆண்டு இரண்டு பெரிய தகடுகளை வாங்கித் தன் கையாலேயே பொருத்தியவள் அவள். ஆகவே அவள் அஞ்சவில்லை. மின்வடத்தைப் பிடுங்கினாள், மூடியின் இரண்டு தடித்த திருகுகளை விரலால் சுழற்றினாள், மூடியை நகர்த்தினாள். குனிந்தவள் குனிந்தபடியே நின்றாள்.

"என்ன அண்ணி? கழட்டிட்டீங்களா?"

"கழட்டுறதுக்கு ஒண்ணுமே இல்லடி."

தகடுகள் நிற்க வேண்டிய இரண்டு பள்ளங்களும் பல் போன ஈறுகள்போல் வெறுமையாய் இருந்தன. தூசுகூட இல்லை, யாரோ துடைத்து வேறு வைத்திருந்தனர்.

ரேடியோவின் ஒலி உச்சத்துக்கு ஏறியது. "திருட்டு! நான் அப்பவே நினைச்சேன். அந்த லாரி ஆளு ஒருத்தன், மூக்கு நீளமா, ஏறுறப்பவும் இறங்குறப்பவும் இதையே பாத்துக்கிட்டு இருந்தான். வரட்டும் அடுத்த லோடு!"

"மூக்கு நீளமா இருந்தா திருடனா? உங்கப்பாவோட மூக்கைப் பாத்திருக்கியா? இரு. பெட்டியைக் கட்டினது மாமாதானே? அவரு எதையாவது பாத்திருப்பாரு. போன் பண்ணு."

முதல் சுமையோடு வந்து இறக்கிவிட்டுத் திரும்பிப் போன மாமனார், பழைய வீட்டிலிருந்து கடைசிச் சுமையோடு லாரியில் வந்துகொண்டிருந்தார். ரேடியோ எண்ணை அழுத்தினாள். மணி ஒலித்தது. ஆனால் லாரியில் அன்று. அந்தக் கூடத்திலேயே, அட்டைப்பெட்டிக் குவியலின் அடிவயிற்றிலிருந்து, பல சுற்றுத் துணிகளுக்குள் புதைந்த குரலாக ஒலித்தது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தனர்.

"போனையும் கட்டிட்டாரு" என்றாள் மகள்.

மாமனார் வாழ்நாளெல்லாம் ஒரு விளக்குத் தொழிற்சாலையில் பொதி கட்டியவர். கண்ணாடிக் குமிழ்களும் சரவிளக்குகளும் அவர் கையால் கட்டுண்டு, கடல் கடந்து, மலை கடந்து போய்ச் சேர்ந்தன; அவர் கட்டியது எதுவும் உடைந்ததாக ஒரு சொல் திரும்பி வந்ததில்லை. அந்தப் பெருமையை அவர் வாயால் சொல்ல மாட்டார். ஆனால் பிறர் கட்டிய பொதியைக் காணும்போது அவர் விடும் பெருமூச்சே அதைச் சொல்லிவிடும். இந்த வீடு மாறுவதென்று முடிவானதும் ஒரு வாரமாக அவரை வீட்டில் காண முடியவில்லை. அட்டையும் நூலும் பஞ்சும் காகிதமுமாய் ஏதோ ஒரு மூலையில் மறைந்திருந்தார். உப்புச்சாடி முதல் சாவிக்கொத்து வரை அவர் கைபடாத பொருள் இல்லை.

வெயில் எதிர்வீட்டு மாடியில் பாதிச்சுவர் ஏறியிருந்தபோது லாரி வந்து நின்றது. மருமகள் தடுப்பதற்குள் ரேடியோ சன்னலில் இருந்து முழங்கினாள்:

"யோவ்! எங்க கம்ப்யூட்டருக்குள்ள கை விட்டது யாரு?"

ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி அண்ணாந்தார். "நாங்களா? கையா? நல்லா இருக்கே கதை! அந்தப் பெட்டியை உங்கப்பா தொட விட்டாரா எங்களை? முதல் லோடுல மடியில வச்சுக் கட்டிப் புடிச்சுக்கிட்டு வந்தாரு. ஒவ்வொரு பள்ளத்துக்கும் என்னைத் திட்டினாரு. எங்க வீட்டுப் பிள்ளையைக்கூட நான் அப்படித் தூக்கினது இல்ல!"

மறுபக்கக் கதவைத் திறந்து, நீண்ட மூக்கும் நிமிர்ந்த முதுகுமாக மாமனார் இறங்கினார். "ஏன் கத்துற? தெரு முழுக்க இன்னைக்கே நம்மளத் தெரிஞ்சுக்கணுமா?" என்றபடி படியேறி வந்தார். வந்தவர் திறந்து கிடந்த கணினியைப் பார்த்தார், முகம் மலர்ந்தது.

"பிரிச்சுட்டீங்களா? ஒரு கீறல் இருக்காதே."

"மாமா" என்றாள் மருமகள். குரலை அடக்கிக்கொண்டாள். "இதுக்குள்ள ரெண்டு தகடு இருந்துச்சு. இவ்வளவு நீளம். அது இல்ல."

"எப்படி இருக்கும்? கழட்டித்தானேம்மா கட்டினேன்."

ரேடியோ மெல்லத் தலையைத் திருப்பித் தந்தையைப் பார்த்தாள்.

"கழட்டினீங்களா?"

"பின்ன? விளக்கை யாராவது பல்போட அனுப்புவாங்களா?" என்று அவர் வியந்து கேட்டார். அந்த வியப்பு உண்மையானது. "எங்க ஃபேக்டரில முதல் பாடமே அதுதான். கையால கழண்டா தனியா கட்டு. கருவி வச்சுக் கழட்டணும்னா அது அங்கேயே இருக்கட்டும். மூடி விரலாலயே திறந்துச்சு. உள்ள பாத்தேன், அந்த ரெண்டும் ஓரத்துல காதைத் தள்ளினதும் கையோட வந்துடுச்சு. வழியில ஆடி விழுந்திருந்தா?"

"அதை ஏன் மாமா எங்ககிட்ட சொல்லல?"

"சொல்லணுமா?" அவர் குழம்பினார். "கட்டுறவன் சொல்ல மாட்டாம்மா. பிரிக்கிறவனுக்குத் தெரியும். சிவப்பு நூல் எங்க இருக்கோ அங்க சின்னது இருக்கு. கப்பல்ல போனதுக்கெல்லாம் நான் கூடவே போய்ச் சொன்னேனா?"

"நான் பிரிக்கிறவ இல்ல மாமா. நான் வரையிறவ."

அச்சொல்லில் சினம் இருந்தது. அவள் அதை மறைக்கவுமில்லை. மாமனாரின் முகம் வாடியது. எதிர்வீட்டுச் சுவரில் வெயில் எவ்வளவு மிச்சமிருக்கிறதென்று பார்த்துவிட்டு, இந்தக் கணினி ஏன் இன்றே வேண்டுமென்பதை இரண்டு வாக்கியத்தில் அவருக்குச் சொன்னாள். பேருந்துப் படம் என்றதும் அவர் நிமிர்ந்தார். அதைப் பற்றி வீட்டில் பேசும்போதெல்லாம் அவர் காதில் விழுந்திருக்கிறது. இன்றுதான் கடைசி நாள் என்பது மட்டும் விழவில்லை.

"எது மெத்துமெத்துன்னு இருக்கோ அதோட நெஞ்சுல வைக்கணும்" என்று தனக்குத்தானே முறையைச் சொல்லிக்கொண்டு கண்ணை மூடினார். திறந்தார். "தலையணை. ஓரம் பிரிச்சு, பஞ்சுக்கு நடுவுல வச்சு, சிவப்பு நூல்ல தைச்சேன்."

"எந்தத் தலையணை?"

உள்ளறையிலிருந்து விடையாக ஒரு குறட்டை வந்தது.

மூவரும் ஒரே நேரத்தில் ஓடினர். கணவனின் கன்னத்தடியில், நசுங்கிய தலையணையின் விளிம்பில், சிவப்பு நூல் ஒளிர்ந்தது. அன்றில் கூவித் தேடிய துணை வீட்டுக்காரன் தலைக்குக் கீழேயே படுத்திருந்தது. ரேடியோ தன் தமையனின் தலையை ஒரு கையால் தூக்கி, மறுகையால் தலையணையை உருவினாள். தலை தரையில் 'தொம்' என்றது.

"என்ன, பூகம்பமா?" என்று அவன் எழுந்தான்.

"உன் தலையில கம்ப்யூட்டர் இருந்துச்சுண்ணே. உனக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லைன்னாலும்!"

"கம்ப்யூட்டரா? ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தீங்களா?" என்று அரைத்தூக்கத்தில் அவன் கேட்டான். மருமகளுக்கு அந்த இக்கட்டிலும் சிரிப்பு பீறிட்டது.

ரேடியோ கத்தரிக்கோலைத் தேட, மாமனார் பதறினார். "கத்திரி வேணாம்! சாக்கு தைக்கிற தையல் அது. ஒரு நுனியை இழு, தானா வரும்." அவள் இழுத்தாள், தையல் இன்னும் இறுகியது. "அந்த நுனி இல்லடி, மறு நுனி! உனக்கு எதுவுமே தப்பான பக்கத்துல இருந்துதான் ஆரம்பம்." மறுநுனியை அவரே பற்றி ஓர் இழுப்பு இழுத்தார். விளிம்பு முழுதும் மடமடவென்று அவிழ்ந்தது. பஞ்சு நுரையாய்ப் பொங்கி அறையெல்லாம் பறந்தது. வெண்மேகத்துக்குள் கையை விட்டு மாமனார் ஒரு பொட்டலத்தை எடுத்தார். பழுப்புக் காகிதம், அதற்குள் வெள்ளைத் துணி, அதற்குள், இரட்டைப் பிள்ளைகள்போல் ஒன்றையொன்று தொடாமல், இரண்டு தகடுகள்.

ஒரு மனிதத் தலை அழுத்தியும் அவற்றில் ஒரு வளைவில்லை. கட்டிய கையை அப்போதே கும்பிட்டிருக்கலாம், நேரமில்லை.

மருமகள் பெட்டியின் வெற்று இரும்பைத் தொட்டுத் தன் உடலில் ஒட்டியிருக்கக்கூடிய மின்சாரத்தை இறக்கிக்கொண்டாள். தகட்டின் விளிம்பை மட்டும் பிடித்து, பள்ளத்தின் மேட்டோடு தகட்டின் வெட்டு பொருந்துகிறதா என்று பார்த்து, இரு கட்டை விரலாலும் அழுத்தினாள். டக். இரண்டாவது, டக். வடத்தைச் செருகி, பொத்தானை அழுத்தி, மண்டியிட்டபடியே காத்தாள்.

கூவல் இல்லை. விசிறிகள் சுழன்றன. திரை சாம்பலாயிற்று, நீலமாயிற்று, எழுத்துகள் எழுந்தன.

ரேடியோ போட்ட கூச்சலில் கீழே லாரியில் இருந்தவர்கள் அண்ணாந்து பார்த்தனர். அவள் தமையன் தூக்கம் முற்றும் கலைந்து கைதட்டினான். மருமகள் மட்டும் கைதட்டவில்லை. திரையில் ஒரே ஒரு வரி நின்றது. தொடங்குவதற்குரிய வட்டைக் காணவில்லை என்று அது சொல்லிற்று.

"அப்படின்னா?" என்றான் கணவன்.

"படம் இருக்கிற வட்டு. அது இருக்கிறதே தெரியலையாம் இதுக்கு."

"செத்துடுச்சா?" என்று கேட்டுவிட்டு ரேடியோ தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள்.

மாமனார் சுவரோரம் நின்றார். வாழ்வில் முதன்முறையாகத் தம் பொதியொன்று உடைந்ததாகச் செய்தி வந்தவரைப்போல் நின்றார். "கெடுத்துட்டேனாம்மா?" என்றார். குரல் தாழ்ந்திருந்தது.

மருமகள் மண்டியிட்ட நிலையிலேயே கண்ணை மூடினாள். இறைவன் பெயரைச் சொல்லத் தொடங்கியவள், பாதியில் வேறொன்றைச் சொல்லிப் பார்க்கலானாள். கையால் கழல்வது தனி. கருவியால் கழல்வது தன்னிடத்தில். சிவப்பு நூல் இருக்குமிடத்தில் சிறியது இருக்கும். வரைபடக்காரி அவள், ஒரு பேருந்து எங்கே நிற்கும் என்பதை அதன் ஓட்டுநரைக் கேட்காமல், தடத்தின் முறையை வைத்தே சொல்லக்கூடியவள். மாமனாரும் ஒரு தடத்தில் செல்பவர்தாமே. அந்தத் தடத்தை ஒரு முறை ஓட்டிப் பார்த்தால் அவர் எங்கெங்கே நின்றிருப்பார் என்பது தெரியாதா?

"மாமா, எதைக் கழட்டினீங்க, எதைக் கழட்டலைன்னு நீங்க எதுவும் சொல்லாதீங்க. நானே சொல்றேன்" என்று கண்ணைத் திறந்தாள்.

மின்வடத்தைப் பிடுங்கிப் பெட்டிக்குள் விளக்கைத் தாழ்த்தினாள். வட்டு அதன் அறையிலேயே இருந்தது. "இதை ஸ்க்ரூடிரைவர் இல்லாம எடுக்க முடியாது. அதனால எடுக்கல. ஆனா இதுக்கு ரெண்டு வயர் வரணும். ஒண்ணு கரண்ட்டுக்கு. ஒண்ணு சேதி கொண்டுபோக. ரெண்டும் வெறும் கையால வர்றது."

அவள் விரல் வட்டின் பின்புறம் சென்றது. அங்கே எந்த வடமும் மாட்டப்பட்டிருக்கவில்லை. ஆனால் தொங்கவும் இல்லை. தொங்கியிருந்தால் முன்னரே கண்ணில் பட்டிருக்கும். இரும்புச் சட்டத்தின் மறைவில், இயற்கையிலேயே அங்கு பிறந்தவைபோல் அடக்கமாக, இரண்டு வடங்களின் நுனிகளும் சட்டத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. கட்டியிருந்தது சிவப்பு நூல்.

"இதோ!" என்றாள். அது கூச்சலன்று, வென்றவள் குரல்.

"வயர் இழுபட்டா நுனி ஒடிஞ்சுடும்னு..." என்று மாமனார் தொடங்கினார்.

"தெரியும் மாமா. ஒடியல. ஒண்ணுமே ஒடியல." முடிச்சின் சரியான நுனியைத் தேர்ந்து இழுத்தாள், ஒரே இழுப்பில் அவிழ்ந்தது. மாமனாரின் கண்கள் விரிந்தன. அத்தொழிற்சாலையில் புதிதாய்ச் சேர்ந்தவர்கள் அந்த நுனியைக் கண்டுகொள்ளவே மாதக்கணக்காகும் என்று பின்னர் அவர் எல்லோரிடமும் சொன்னார்.

வடங்கள் வட்டோடு சேர்ந்தன. பொத்தான் அழுந்தியது. விசிறி, நீல ஒளி, சாம்பல், எழுத்து. பிறகு அவளுக்குப் பழகிய அந்த முகப்பு, வைகறையில் கிழக்கு வெளுப்பதுபோல் மெல்ல, ஐயத்துக்கு இடமின்றி விரிந்தது. கோப்பைத் திறந்தாள். சிவப்பும் பச்சையும் மஞ்சளும் ஊதாவுமாய், ஆற்றை இருமுறை கடந்து, மலையடிவாரம்வரை நீண்டு, நகரம் திரையெங்கும் பூத்தது. இடித்த பாலத்தின் மேல் ஒரு பேருந்தும் இல்லை. எல்லாத் திருத்தங்களும் இருந்தன.

கணவன் அவளைத் தோளோடு அணைத்துத் தூக்கிவிட்டான். "இறக்குங்க, இறக்குங்க, இன்னும் அனுப்பல!" என்று அவள் அவன் முதுகில் குத்தினாள்.

அனுப்புவது வேறொரு போராயிற்று. புது வீட்டுக்கு இணைய இணைப்பு இன்னும் வரவில்லை. கைப்பேசியின் வழியே அனுப்பலாம்; ஆனால் அந்தக் கூடத்தில் அலை எட்டவில்லை. சன்னல் கம்பிக்கு வெளியே கையை முழுதும் நீட்டினால் மட்டும் எட்டிற்று.

"யாரு புடிக்கிறது?"

"நான்" என்றாள் ரேடியோ. "ரேடியோவுக்குத்தானே ஏரியல் வேணும்?"

அவள் கம்பிக்கு வெளியே கைப்பேசியை ஏந்தி நின்றாள். கை நடுங்கும்போது தமையன் முழங்கையைத் தாங்கினான். பேசினால் கை அசைகிறதென்று அண்ணி கடிந்ததால், நினைவறிந்த நாள்முதல் இல்லாத வகையில் அவள் வாய் மூடியிருந்தாள். திரையில் பச்சைக் கோடு நத்தைபோல் ஊர்ந்தது. நடுவில் நின்றது. மாமனார் அறியாமல் ஒரு கையைத் திரைக்கு அடியில் தாங்கினாற்போல் வைத்துக்கொண்டார், கோடு கீழே விழுந்துவிடும் என்பதுபோல. மீண்டும் நகர்ந்தது. எதிர்வீட்டுச் சுவரில் வெயில் ஒரு முழம், அரை முழம், ஒரு விரல். கோடு வலப்பக்க விளிம்பைத் தொட்டது.

"போயிடுச்சு" என்றாள் மருமகள்.

ஒருவரும் ஆரவாரிக்கவில்லை. போனது போய்ச் சேர்ந்ததா என்று தெரிய வேண்டுமே. ரேடியோ கையை உள்ளே இழுக்கவும் அஞ்சி அப்படியே நின்றாள். அந்த வெளியே நீண்ட கையில்தான் கைப்பேசி ஒலித்தது.

"எடு, எடு! கீழ போட்டுடாத!"

அச்சகத்தின் பொறுப்பாளர் பேசினார். பின்னால் இயந்திரங்கள் இரைந்ததால் அவரும் உரக்கப் பேசினார்; கூடம் முழுவதும் கேட்டது.

"மேடம், ஃபைல் வந்துடுச்சு. திறந்து பாத்தாச்சு. இவ்வளவு சுத்தமான படம் எங்க மெஷினுக்கு வந்து ரொம்ப நாளாச்சு. நம்ம ஆளுங்க எல்லாரும் நின்னு அவங்கவங்க வீட்டு ஸ்டாப்பைத் தேடிக்கிட்டு இருக்காங்க. அச்சுக்குப் பிளேட் போடச் சொல்லிட்டேன்."

இப்போது எழுந்த ஆரவாரத்தில் அவர் அடுத்துச் சொன்னது கேட்கவில்லை. மருமகள் கையமர்த்தினாள். "என்ன சொன்னீங்க சார்?"

"உங்க பேரைச் சொன்னேன். மூலையில எறும்பு மாதிரி போட்டிருக்கீங்களே! தூரத்துல இருந்து தெரியாது. அங்க இடம் நிறைய இருக்கு. கொஞ்சம் பெரிசாக்கட்டுமா?"

அவள் திரையின் கீழ்மூலையைப் பார்த்தாள். எவரும் குறை சொல்லிவிடக் கூடாதென்று, தானே அஞ்சி அஞ்சிச் சிறிதாக்கிய எழுத்துகள் அவை. பஞ்சு ஒட்டிய தலையோடு கணவனும், கை மரத்துப்போன நாத்தனாரும், மூச்சை அடக்கிய மாமனாரும் அவளையே பார்த்தனர்.

"ஆக்குங்க சார்" என்றாள். பிறகு, இயந்திர இரைச்சலையும் மீறிக் கேட்கும்படி சொன்னாள்: "நல்லாவே பெரிசாக்குங்க."